சத்தம் குறைந்த துவக்கு

காய்ந்த சுள்ளி ஒன்றை முழங்காலில் வைத்து ஒடித்தால் ஒரு சத்தம் வருமே, அவ்வளவுதான். எங்கள் குடும்பத்துக்கு வந்த முதலாவது துப்பாக்கியின் சத்தம் அது. யாழ்ப்பாணத்தார் துப்பாக்கியைத் "துவக்கு" என்பார்கள். நானும் இங்கே அப்படியே சொல்லப்போகிறேன், ஏனென்றால் துப்பாக்கி என்று எழுதினால் அது யாரோ பொலிஸ்காரருடையது போல இருக்கிறது, எங்கள் அப்பா அதைத் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்திருந்ததை அந்தச் சொல்லுக்குள் என்னால் அடக்க முடியவில்லை. அந்தச் சுள்ளிச் சத்தத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான். அப்போது எனக்கு வயது பதினொன்று.

என் அப்பாவும் அம்மாவும் துவக்கைக் கையால் அறிந்தவர்கள் அல்லர், காதால் அறிந்தவர்கள். எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், என்ன வெடிக்கிறது, அடுத்தது எங்கே விழும் என்பதையெல்லாம் சோற்றில் வைத்த கையை எடுக்காமலே சொல்லக்கூடிய தலைமுறை அது. அப்பா அந்தப் பழக்கத்தை கனடாவுக்கு, மொன்றியலுக்கு வந்ததும் மறந்துவிட்டார், அல்லது மறந்ததாகக் காட்டிக்கொண்டார். அம்மாவால் முடியவில்லை. கோடை காலத்தில் ஆற்றங்கரையில் வாணவேடிக்கை விடுவார்கள். பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்த எங்கள் இரண்டாம் மாடி வீட்டுக்கு அது தூரத்து இடி போலத்தான் கேட்கும். முதல் வெடி கேட்டதும் அம்மா எழுந்துபோய், தண்ணீரில்லாத குளியல் தொட்டிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுவார். முடியும் வரை வெளியே வரமாட்டார். ஊரில் அவருக்கு என்ன நடந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை, அது அவருடையது. ஆனால் அந்தத் தொட்டியின் விளிம்பில் இருந்து அவருடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளை நான் என்பதை மட்டும் வாசிப்பவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. அப்பா ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடைக்குப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். அங்கே வாடிக்கையாகக் கோஸ் கொண்டுவரும் மொசியு ரொஸேர் என்ற கிழவர், தன் மாட்டுக்கொட்டில் வெறுமனே கிடக்கிறது, ஆடு வளர்க்கப் போகிறாயா என்று ஒருநாள் கேட்டார். எங்கள் சனத்துக்கு நல்ல ஆட்டிறைச்சி என்றால் ஆசை, அது அங்கே கிடைப்பது அரிது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் மொன்றியல் தீவு முடிந்து, பாலம் தாண்டி, மேலும் முக்கால் மணி நேரம் போனால் ரொஸேரின் காணி. முப்பது ஆடுகள் வாங்கினார்கள். வார நாட்களில் ரொஸேர் தீனி போடுவார், சனி ஞாயிறு நாங்கள் போவோம். அம்மாவை நான் அங்கேதான் சிரிக்கக் கண்டேன். குட்டி ஈனும் ஆட்டின் பின்னால் கையை நீட்டிக்கொண்டு, "வாடி ராசாத்தி, வா வா" என்று அவர் கதைக்கும்போது அந்தக் குளியல் தொட்டிக்காரி எங்கே போனார் என்று தேட வேண்டியிருந்தது. நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு மறி ஆட்டுக்குப் "பொட்டு" என்று பேர் வைத்து, மற்றவற்றுக்குத் தெரியாமல் அதற்கு வாழைப்பழத் தோல் கொடுப்பார்.

அடுத்த வசந்தத்தில் கொயோட்டிகள் வந்தன, நரிக்கும் ஓநாய்க்கும் நடுவிலான காட்டு மிருகங்கள். ஒரு சனிக்கிழமை விடிய நாங்கள் போய் இறங்கியபோது வேலியோரம் மூன்று குட்டிகள் கிடந்தன. இரண்டின் வயிறு திறந்து, குடல் புல்லில் இழுபட்டிருந்தது. மூன்றாவதற்கு உயிர் இருந்தது. பின்பக்கம் முழுவதும் தின்னப்பட்டிருந்தும் முன்கால் இரண்டையும் ஊன்றி எழும்பப் பார்த்தது, எங்களைக் கண்டு கத்தக்கூடச் செய்தது. அப்பா அதன் தலையைத் தன் சப்பாத்துக்கால்களுக்கு இடையில் பிடித்துக் கழுத்தை அறுத்தார். பிறகு கத்தியைப் புல்லில் துடைத்துக்கொண்டு, "கொல்லுறதெண்டால் கெதியிலை, ஒரேயடியாய்க் கொல்லோணும். இப்பிடி விட்டிட்டுப் போறது மிருகத்துக்கும் வடிவில்லை" என்றார். அந்த வாசகத்தை நான் மறக்கவே இல்லை. மறந்திருக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

வேலியை உயர்த்தினோம். விளக்குப் போட்டோம். ரேடியோவைக் கத்தவிட்டால் அவை கிட்ட வராது என்று ரொஸேர் சொல்ல, அப்பா ஒரு பழைய கசெட் பெட்டியில் நாதஸ்வரம் போட்டுக் கொட்டிலில் வைத்தார். இரண்டு கிழமை பயந்தன. பிறகு கல்யாண வீட்டுக்கு வந்த சனம் போலக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போயின. கோடை முடிவதற்குள் பதினொரு ஆடுகள் போய்விட்டன. "நரிக்கு மேளமும் வைச்சு விருந்தும் குடுக்கிறியள்" என்று அம்மா அப்பாவைச் சீண்டினாலும், பொட்டுவை மட்டும் ரொஸேரின் வீட்டுப் பின்வாசலில் கட்டிவைக்கத் தொடங்கியிருந்தார்.

ரொஸேரிடம் மான் சுடும் பழைய துவக்கு ஒன்று இருந்தது, கைதான் நடுங்கும். ஆகவே அப்பா வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, மாதக்கணக்கில் காத்திருந்து லைசன்ஸ் எடுத்தார். அந்த ஆங்கில வகுப்பில் சொல்லிக் கொடுத்ததெல்லாம் துவக்கு வைத்திருப்பவன் மனிதரைச் சுடாமல் இருப்பது எப்படி என்பதுதான். எந்த மிருகத்துக்கு எந்தத் துவக்கு என்பது கடைக்காரனிடம் கேட்கவேண்டிய சங்கதியாம். அப்பா அந்த மிருகத்தை "நரி" என்றே சொல்லிவந்தார். ஊரில் அவர் கண்ட நரி மெலிந்த ஊர்நாயிலும் சின்னது, கல்லெறிந்தால் ஓடுவது. இங்கே உள்ளது நல்ல நாயளவு இருக்கும், குளிர்காலத்தில் மயிர் அடர்ந்து இன்னும் பருத்துவிடும். பெயர் தவறினால் அளவும் தவறும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

துவக்குக் கடை, ரொஸேரின் காணிக்குப் போகும் வழியிலிருந்த சிற்றூரில் இருந்தது. கடைக்காரர் கதைத்தது பிரெஞ்சு மட்டும். அப்பாவின் பிரெஞ்சு சந்தைப் பிரெஞ்சு, விலைகளும் கீரை வகைகளும்தான் அதில் உண்டு. எனவே வழமைபோல நான்தான் வாய். பள்ளிக்கூடம், டாக்டர், வீட்டுக்காரன், எல்லா இடத்திலும் நான் வாயாக இருந்து பழகியவள். பெரியவர்கள் இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அம்மா அன்று வரவில்லை, ஆட்டுக்குப் பிரசவம்.

"எது சத்தம் குறைவு எண்டு கேள் பிள்ளை" என்றார் அப்பா. அவருடைய முதற்கேள்வி அதுதான்.

கடைக்காரர் என்ன மிருகத்துக்கு என்று திருப்பிக் கேட்டார். கொயோட்டி என்றேன். அவர் கண்ணாடி மேசையில் துவக்கில் போடும் இரண்டு ரவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஒன்று என் சுண்டுவிரல் நுனியளவு. மற்றது அவருடைய நடுவிரல் நீளம். நுனியில் இருக்கும் ஈயத்தைப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே தடிப்பு. பெரியதின் பின்னால் இருந்த பித்தளைக் குப்பிதான் வித்தியாசம், அதற்குள் இருந்த வெடிமருந்துதான் வித்தியாசம். சின்னது இருபத்திரண்டு, பெரியது இருநூற்று நாற்பத்து மூன்று என்றார். பிறகு மேசையில் கையூன்றி, குழந்தை என்று பாராமல், எனக்கு நேராகவே சொன்னார்: "சின்னது முயலுக்கு, அணிலுக்கு. இதைக் கொண்டு கொயோட்டியைச் சுட்டால் அது வாங்கிக்கொண்டு ஓடிவிடும். எங்கேயோ பற்றைக்குள் கிடந்து மூன்று நாள், நாலு நாள் எடுத்துச் சாகும். பெரியது தோளுக்குப் பின்னால் பட்டால் நின்ற இடத்திலேயே விழும், தனக்கு என்ன நடந்தது என்றுகூட அதற்குத் தெரியாது. சுடுகிறவன் அதற்கு அவ்வளவாவது செய்யவேண்டும். அப்பாவிடம் சொல்."

"பெரியது சத்தமா?" என்று கேட்டேன்.

"காதை மூடாமல் சுட முடியாது" என்றார். "மூன்று காணி தள்ளியும் கேட்கும்."

அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நேரம் தெரிந்தது குளியல் தொட்டியில் இருந்த அம்மாவின் உச்சந்தலை மட்டுமே. ஆட்டுக்கொட்டிலும் போய்விட்டால் அம்மாவுக்கு வேறு இடம் இல்லை என்று நினைத்தேன்.

"சின்னது சத்தமில்லையாம். மற்றது குண்டு மாதிரிக் கேக்குமாம்."

"நரிக்குச் சின்னது காணுமாமோ? போதுமாமோ?"

"ஓம். காணுமாம்."

அப்பா சின்னதைத் தொட்டுக் காட்டினார். கடைக்காரர் புருவத்தைச் சுருக்கி, "சொன்னாயா?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன் என்றேன். ஒரே நிமிடத்தில் இரண்டு மொழிகளில் இரண்டு பொய். அவர் தோளைக் குலுக்கி, ரவைப் பெட்டியை எடுத்து வைத்தார்.

டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு ரொஸேரின் பின்னறையில் ஒரு கிழமை தங்கினோம். மூன்றாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில், பனி மூடிய வயலில் ஒன்று தனியாக வந்தது. அப்பா வைக்கோல் போடும் யன்னலில் துவக்கைச் சாய்த்து வைத்துச் சுட்டார். சுள்ளி ஒடிந்தது. கொட்டிலின் மறுமூலையில் பால் கறந்துகொண்டிருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்தச் சந்தோசத்தை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. வயலில் அந்த மிருகம் துள்ளி விழுந்து, எதுவோ தன்னைக் கடித்துவிட்டது போலத் தன் விலாவைத் தானே கடித்துச் சுழன்றது. பிறகு ஓடிற்று. "பட்டது. போய் விழும்" என்றார் அப்பா. பனியில் சிவப்புப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு வேலி வரை போனோம், அதற்கப்பால் பற்றை. பின்னேரம் வரை தேடியும் அகப்படவில்லை.

அதிலிருந்து நாலாம் நாள், பட்டப்பகலில் அது திரும்பி வந்தது. வேட்டையாட முடியாத மிருகம் கட்டிவைத்த இரையைத் தேடி வரும் என்று ரொஸேர் பிறகு சொன்னார். பின்வாசலில் பொட்டுவின் அலறல் கேட்டு அம்மா வைக்கோல் அள்ளும் முள்ளுத்தடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார், அவர் பின்னால் நான். அது பொட்டுவின் கீழ்த்தாடையைப் பிடித்திருந்தது. அதன் வயிறு ஒரு பக்கம் ஊதி, மயிர் உதிர்ந்து, சின்னத் துளை ஒன்றிலிருந்து கறுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. நாற்றம் எனக்கு எட்டியது. அம்மா முள்ளால் குத்தினார். அது ஆட்டை விடவில்லை. அம்மா மறுபடி குத்தி, இழுத்து, மறுபடி குத்தினார், தாடை கிழிந்து பொட்டு ஒரு பக்கமும் அது மறுபக்கமும் விழும்வரை. விழுந்த கொயோட்டி வேலிக் கம்பிக்குள் கழுத்தை மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டிற்று. அப்பா ஓடிவந்து சுட்டார். சுள்ளி ஒடிந்தது. மீண்டும் ஒடிந்தது. ஒன்று தோளில், ஒன்று கழுத்தில், ஒன்று முகத்தில் பட்டு ஒரு கண் போயிற்று. ஐந்து வெடி. அது சாகவில்லை. நாய்க்குட்டி போல ஒரு குரலில் அழத் தொடங்கியது.

அம்மா அப்போதுதான் கத்தினார். வெடிக்காக அல்ல, அது சாகாததற்காக.

ரொஸேர் தன் பழைய மான் துவக்கைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை வாங்கிக்கொண்டு, சுடாமல், அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் எதை யோசித்தார் என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது.

"என்னை ஏன் பாக்கிறியள்? அதைப் பாருங்கோ" என்றார் அம்மா. "சுடுங்கோ."

அந்தச் சத்தம் கொட்டிலில் பட்டுத் திரும்பி வந்தது. அம்மா பனியில் குந்தியபடியே இருந்துவிட்டார். இரண்டு கையாலும் காதைப் பொத்தி, உடம்பு முழுக்க ஆடி, சட்டை நனைந்து. ஆனால் கொயோட்டியின் அழுகை நின்றுவிட்டது. பொட்டுவையும் அப்பா அதே துவக்கால் முடித்தார், இரண்டாவது வெடிக்கு அம்மா கண்ணை மூடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, அந்த மிருகத்தின் வயிற்றில் இருந்த சின்னத் துளையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நாலு நாள் இதோடை திரிஞ்சிருக்குது. அந்தக் கடைக்காரனுக்கு இது காணாதெண்டு தெரியாதோ?"

"அவன் ஒண்டும் சொல்லேல்லை" என்றார் அப்பா. நான் பொட்டுவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அம்மாவே எங்களைக் கடைக்கு இழுத்துப் போனார். அப்பா வெளியே வண்டியில் இருந்துகொண்டார். அம்மா உள்ளே நுழைந்து, அந்த இருபத்திரண்டுத் துவக்கைக் கண்ணாடி மேசையில் வைத்து, என்னைத் தன் முன்னால் நிறுத்தி, "கேள். இது காணாதெண்டு ஏன் சொல்லேல்லையெண்டு கேள். ஒரு சீவன் நாலு நாள் அழுகி அழுகி அலைஞ்சது, அந்தப் பாவம் ஆரிலை எண்டு கேள்" என்றார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன். கடைசியில் பிரெஞ்சில் இதைத்தான் சொன்னேன்: "நீங்கள் சொன்னதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு வெடிச் சத்தம் ஆகாது. அது நாலு நாள் கழித்துத்தான் செத்தது. நீங்கள்தான் சொல்லவில்லை என்று அம்மா நினைக்கிறார்."

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார், அம்மாவின் குளிர்ச்சட்டைக் கையில் காய்ந்திருந்த இரத்தத்தைப் பார்த்தார். பிறகு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, "அம்மாவிடம் சொல். நான் சொல்லியிருக்க வேண்டும். மன்னிக்கச் சொல்" என்றார்.

அந்த ஒரு வசனத்தைத்தான் நான் அந்தக் கடையில் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். அம்மாவின் முகம் மாறிற்று. "சரி" என்றார். "இனி ஆருக்கும் இப்பிடிக் குடுக்கவேண்டாமெண்டு சொல்லு. ஒரே வெடியிலை போறது எதெண்டு கேள்." பெரிய ரவையைக் கையில் வாங்கி, பித்தளையைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். காதை மூடும் சிவப்புக் கவசம் ஒன்றையும் அவரே தெரிந்தெடுத்தார்.

அந்தக் குளிர்காலத்தில் அப்பா இன்னும் இரண்டு கொயோட்டிகளைச் சுட்டார். அவசரப்படாமல், அது பக்கவாட்டில் திரும்பி நிற்கும் வரை காத்திருந்து, பின்னால் வீடோ பாதையோ இல்லை என்று பார்த்து, தோளுக்குப் பின்னால். இரண்டும் நின்ற இடத்திலேயே விழுந்தன. அம்மா ஒவ்வொரு முறையும் கவசத்தைப் போட்டுக்கொண்டு கொட்டில் தூணைப் பிடித்தபடி நின்றார், ஒவ்வொரு முறையும் உடம்பு ஆடிற்று. உள்ளே போய் இரம்மா என்று நான் சொன்னதற்கு, "சத்தம் எனக்குப் பழகினது. நோவு அதுக்கு ஏன்?" என்று கேட்டார்.

இப்போது அந்தக் காணியில் ஒரே மாதிரியான வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ரொஸேர் இல்லை, கொட்டில் இல்லை, துவக்கை அப்பா விற்றுவிட்டார். நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். எங்கள் சனம் வந்து "இது காணுமோ பிள்ளை" என்று கேட்டால், தெரிந்த மருந்தானாலும் பெட்டியை இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் வாய் திறப்பேன். போன வருடம் அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் தேத்தண்ணியை வைத்துவிட்டு, கொஞ்சமும் திடுக்கிடாமல், "அந்த ரவைப் பெட்டியிலை முயல் படமெல்லோ போட்டிருந்தது. எனக்குப் பிரெஞ்சு வாசிக்கத்தான் தெரியாது, படம் தெரியும்" என்றார். பிறகு, "கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை" என்றார்.

சொல்லத்தான் இருந்தேன். சென்ற மாதம் அம்மாவோடு அந்தச் சிற்றூரைத் தாண்டி வண்டியில் போனபோது கடை இருந்த இடத்தில் பலகை அடித்திருந்தது. வேகத்தைக் குறைத்தேன், தொண்டையைச் செருமினேன். அம்மா கண்ணாடியை இறக்கி, அந்தப் பலகைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நல்ல மனிசன்" என்றார். "எங்களுக்கு வெடி வைச்சவங்கள், வைக்கச் சொன்னவங்கள், வைக்கிறதுக்கு வித்தவங்கள் எண்டு எத்தினை பேர். என்னட்டை மன்னிப்புக் கேட்டது அவன் ஒராள்தான்."

நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வண்டியைப் பாலத்தின் பக்கம் திருப்பினேன்.